மந்திரித்த இறக்கையைப் பிரிக்கச் சொன்னவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கிராமசபைத் தலைவர் பரமலிங்கம் அவர்களே! இரண்டாம் தடவையாக எங்கள் பங்குக் குருவாக வந்து சேர்ந்திருக்கும் சுவாமி அவர்களே! நாரந்தனையிலிருந்து வந்து முன் கதிரையில் அமர்ந்திருக்கும் இராசமணி அக்கா அவர்களே! இந்த வைகாசி வெய்யிலையும் பாராமல் கரம்பொன்னிலிருந்தும் வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே! என்னிடம் தையல் படித்து இன்று என்னைவிட நன்றாகத் தைக்கும் பெண்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருடம் வகுப்பில் நின்று கதைத்தவளுக்கு ஐந்து நிமிடம்! தலைவர் அவர்களே, உங்கள் கைமணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் பதினொரு வருடத்துக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்காமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? வானூர்திப் பரிசோதகர் திரு. தியாகலிங்கம் அவர்களுக்காக. பத்திரிகையில் மரண அறிவித்தல் போட்டவர்கள் 'ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்' என்று போட்டிருந்தார்கள். ஓய்வா? அவர் ஓய்வெடுத்ததை யார் கண்டீர்கள்? இராசமணி அக்கா, நீங்களாவது கண்டீர்களா? பாருங்கள், அக்கா இல்லையென்று தலையை ஆட்டுகிறார். நாற்பது வருடம் கூட இருந்த மனுசிக்கே தெரியாத ஓய்வு அது!

கொழும்புப் பக்கத்து விமான நிலையத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தவர் அவர். விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. ஐம்பத்தாறாம் ஆண்டு வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களப் பரீட்சை எழுது என்றார்கள். அவர் எழுதவில்லை. கோபப்பட்டுக் கத்தவும் இல்லை. அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு பாய்க்கட்டோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் வந்து நாரந்தனையில் இறங்கினார். பெட்டிகளைத் தூக்கிய ஆட்கள் வெள்ளிப் பாத்திரமோ என்று கேட்டார்களாம், அவ்வளவு பாரம். திறந்து பார்த்தால் முழுக்கக் கடதாசி!

அந்த இரண்டு பெட்டிகளையும் நான் பிறகு நன்றாக அறிந்தேன். ஒன்று பச்சை, மற்றது கறுப்பு. கறுப்புப் பெட்டிக்குள் சட்டம். எந்த வானூர்தியும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறாமல் பறக்கக்கூடாது, பதிவெழுத்தை இன்ன அளவில் இன்ன இடத்தில் எழுத வேண்டும், பறக்க அனுமதி தனியாக வாங்க வேண்டும் என்பவை. பச்சைப் பெட்டிக்குள் ஆலோசனைச் சுற்றறிக்கைகள். சட்டம் சொல்வதை எந்த வழியில் நிறைவேற்றலாம் என்று வெளிநாடுகளிலுள்ள அனுபவசாலிகள் எழுதி வைத்தவை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"சட்டத்தை விட்டால் வழக்கு, ரீச்சர். ஆலோசனையை விட்டால் வழக்கில்லை. ஆனா வேற வழி ஒண்டு காட்டவேணும். அதுவும் இதே அளவுக்குப் பத்திரமான வழி எண்டு காட்டவேணும். அதுக்குப் பேசாமல் ஆலோசனையையே கேக்கிறது சுகம்" என்றார்.

சரி, எங்கள் தீவில் வானூர்திச் சட்டத்துக்கு என்ன வேலை? இங்கே தோணி இருக்கிறது, வள்ளம் இருக்கிறது. கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் பஸ்ஸும் வருகிறது. ஆகாயக்கப்பல் யாரிடம் இருந்தது? ஒருவரிடமும் இல்லை. அதை உண்டாக்கியவன் என் தம்பி லியோன்.

லியோனைப் பெரும்பாலானோர் அறிவீர்கள். அதோ, கதவடியில் நிற்கிறான். கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டான். விமான நிலையத்தில் ஏழு வருடம் எஞ்சின் திருத்தியவன். அங்கேயே பறக்கப் படித்து உரிமமும் எடுத்தவன். அறுபத்துநான்காம் ஆண்டு ஊருக்கு வந்து, தபாலில் ஒரு கட்டு வரைபடம் எடுப்பித்து, சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டு, "அக்கா, நான் பிளேன் கட்டப் போறன்" என்றான். நான் என்ன சொன்னேன்? "உனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பேன்?

சபையோரே, எனக்கு இருப்பது ஒரே தம்பி. எங்கள் அப்பு நாற்பத்தொன்பதாம் ஆண்டு கடலுக்குப் போனவர். கடல் அவரைத் திருப்பித் தரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவனை வளர்த்தது நான். கடலுக்கு விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று படிக்க அனுப்பினேன். கடலுக்குப் போகாதவன் ஆகாயத்துக்குப் போகிறேன் என்று வந்து நிற்கிறான்! அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அவன் கட்டுவது அவனோடு சேர்ந்து விழுந்துவிடுமோ என்ற பயம்.

லியோன் நேரே போனது தியாகலிங்கம் அவர்களிடம். அவர் சிரிக்கவில்லை. புத்தி சொல்லி அனுப்பவும் இல்லை. வரைபடத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பச்சைப் பெட்டியைத் திறந்தார்.

சொந்தக் கையால் கட்டும் வானூர்திகளைப் பற்றிய ஒரு சுற்றறிக்கை அதற்குள் இருந்தது. எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படியான வானூர்திக்கென்று ஒரு வரிகூட இல்லை என்று சொன்னார். கட்டலாம் என்றும் இல்லை, கட்டக்கூடாது என்றும் இல்லை. இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இல்லாத சட்டத்துக்கு யார் அலைவது என்று விட்டிருப்பார். அவர் கொழும்பில் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசாங்கக் கந்தோருக்கு எழுதினார். இந்த ஆலோசனையில் சொன்னபடி நாங்கள் நடந்தால் இதைப் பதிவேட்டில் ஏற்றுவீர்களா என்று கேட்டார். ஒன்றல்ல, பதினேழு கடிதம். பதினெட்டாவது, அவர்கள் எழுதிய பதில்.

கந்தோர் சம்மதித்தது, நிபந்தனையோடு. பெரும்பகுதி வேலையை லியோனே தன் கையால் செய்ய வேண்டும். தொழில்காரர் செய்தது கணக்கில் வராது. ஒவ்வொரு நாள் வேலையும் ஒரு புத்தகத்தில் பதியப்பட வேண்டும். கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்கையின் மரச்சட்டத்தைச் சீலையால் மூடுவதற்கு முன், திரு. தியாகலிங்கம் உள்ளே பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே இருப்பதை யார் அறிவார்? அதுதான் காரணம். இந்தக் கடைசி நிபந்தனையை நீங்கள் நினைவில் வைத்திருங்கள். நான் மறந்தேன்.

எங்கள் வளவுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. தொடங்கிய கிழமையே சண்டை! எங்கள் கரையில் ஒருவன் வள்ளம் கட்டினால் ஊரே கைகொடுக்கும். அது எங்கள் வழக்கம். எங்கள் மாமன்முறையான யாகப்பு ஓடாவி, நாற்பது வருடம் வள்ளம் கட்டியவர், தன் உளியையும் வாச்சியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தியாகலிங்கம் அவர்கள் வாசற் படலையில் மறித்தார்.

"ஏன் தம்பி, என்ர கை பட்டால் உங்கட பிளேன் பறக்காதோ?"

"யாகப்பண்ணை, உங்கட கை பட்டால் நல்லாத்தான் பறக்கும். அதுதான் பிரச்சினை. நீங்கள் தொழில்காரர். நீங்கள் இழைச்ச பலகையை லியோன் இழைச்சதெண்டு நான் எழுத ஏலாது."

யாகப்பு ஓடாவி என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போய் ஒரு கதிரையைக் கொண்டு வந்து வேலிக்கு வெளியே போட்டு இருந்தார். நான்கு வருடம் இருந்தார்! "டேய், உளியைச் சரிச்சுப் பிடியடா! உதென்ன, கொத்தமல்லியே அரியிறாய்?" என்று அங்கிருந்தே சத்தம் வைப்பார். வேலிக்கு வெளியே இருந்து ஏசுவதற்குச் சுற்றறிக்கையில் தடை இல்லை என்று தியாகலிங்கம் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்.

பிறகு என் முறை வந்தது. இறக்கைக்குச் சீலை தைக்க வேண்டும். நான் தையல் ரீச்சர், நான் தொழில்காரியா இல்லையா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளையளுக்குத் தையல் படிப்பிக்கச் சம்பளம் எடுக்கிறனீர். பிளேன் தைக்க ஆரும் உமக்குச் சம்பளம் தந்தவையோ?"

"இல்லை."

"முன்னம் எப்பவாவது பிளேன் தைச்சனீரோ?"

"இல்லை!"

"அப்ப நீர் அமெச்சூர். தையும்."

இருபது வருடம் ரீச்சராக இருந்தவளைப் பார்த்து அமெச்சூராம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் தைத்தேன். விலாச்சட்டம் ஒவ்வொன்றிலும் சீலையைச் சேர்த்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார். ஒன்று இளகினால் அந்த வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர்மார் பலர் என் வகுப்புக்கு வந்து போயிருக்கிறார்கள். இவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் வலது இறக்கையை உள்ளே பார்த்துக் கையெழுத்து வைத்தார். நான் அதை மூடித் தைத்தேன். இடது இறக்கையின் மரச்சட்டத்தில் ஒட்ட வேண்டிய கடைசி ஆறு பொருத்து மிச்சம். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனார். லியோன் ஆறு பொருத்தையும் வச்சிரப் பசை பூசி இறுக்கி முடித்தான். ஆனி பதின்மூன்று அந்தோனியார் திருநாள். அன்றைக்கு ஆகாயக்கப்பலை ஆசீர்வதித்து மந்திரிக்க வருவதாகச் சுவாமி சொல்லியிருந்தார்.

இப்போது நான் சொல்லப்போவதை இந்தச் சபையில் பலர் வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லியோன் அவசரப்பட்டான் என்றார்கள். இல்லை! இடது இறக்கையை மூடச் சொன்னவள் நான். மூடித் தைத்தவளும் நான். அவன் சொன்னான், "அக்கா, ஐயா பாக்காமல் மூடக்கூடாதாம், கடிதத்திலை கிடக்கு" என்று. நான் கேட்டேனா? எங்கள் கரையில் விலா தெரியிற வள்ளத்தை யாராவது மந்திரிக்கக் கொண்டு போனதுண்டா? பலகை அடித்து, இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்த்து, எண்ணெய் பூசி, பூமாலையும் போட்டுத்தான் சுவாமிக்கு முன்னால் வைப்போம். அரைகுறையாக வைத்தால் சனம் என்ன சொல்லும்? "ஐயா தினமும் பாத்ததுதானே, இனி என்னத்தைப் பாக்கக் கிடக்கு? பேசாமல் சீலையைப் பிடி!" என்று அதட்டினேன். ஒன்பது நாள் இரவுபகல் பாராமல் தைத்தேன். வார்னிஷும் பூசி இறுக்கியாயிற்று. திருநாளன்று சுவாமி தீர்த்தம் தெளித்தார். கரம்பொன் முழுக்க வந்து நின்று பார்த்தது. அவ்வளவு வடிவாக இருந்தது.

திருநாள் கழிந்து ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு தியாகலிங்கம் அவர்கள் வந்து இறங்கினார். கொட்டிலுக்குள் வந்தார். இடது இறக்கையின் பக்கத்தில் நின்றார். கையால் தடவினார்.

"ஆர் மூடச் சொன்னது?"

"நான்தான் சொன்னனான், அண்ணை. திருநாளுக்கு மந்திரிக்கவேணுமெல்லே."

"நான் உள்ளுக்குப் பாக்கேல்லை, ரீச்சர்."

"நீங்கள் பாக்காத மரமே அதுக்குள்ளை இல்லையே! ஆறே ஆறு பொருத்துத்தான். லியோன்ர வேலையை உங்களுக்குத் தெரியாதே? கையெழுத்தை வையுங்கோ. கொழும்பிலை இருக்கிறவைக்கு என்ன தெரியப்போகுது?"

"அவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. பாக்காததைப் பாத்தனான் எண்டு எழுத என்னால ஏலாது."

நான் விட்டேனா? அவர் படிப்பித்ததையே எடுத்து அவருக்கு எறிந்தேன். "உது பச்சைப் பெட்டியிலை இருந்து வந்ததுதானே? ஆலோசனைதானே? சட்டமில்லையே!" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"ஓம். பெட்டிக்குள்ளை இருக்குமட்டும் ஆலோசனைதான். கந்தோர் அதை நிபந்தனையா எழுதி, நாங்கள் சம்மதம் எண்டு கையெழுத்து வச்ச பிறகு அது ஆலோசனையில்லை. எங்கட வாக்கு."

பதில் வராதபோது நான் என்ன செய்வேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். கத்தினேன். "மந்திரிச்ச செட்டையை வெட்டுறதோ? நீங்கள் சைவக்காரர், உங்களுக்கு அது விளங்காது!" என்று கத்தினேன். இந்தச் சபையில் நின்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன். அவர் வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். ஒற்றைக் கண்ணோடு, அந்த வெய்யிலில், நேரே போனது எங்கே? நம் சுவாமியின் பங்குமனைக்கு!

சுவாமி, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள். "சுவாமி, நீங்கள் மந்திரிச்சதைப் பிரிக்கவேண்டி வந்திருக்கு. உங்கட வேதத்தாக்களின்ர மனம் நோகக்கூடாது. பிரிக்கலாமோ?" என்று கேட்டாராம். நீங்கள் சொன்ன மறுமொழியை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். "தியாகலிங்கம், சீலையைத்தானே வெட்டப்போறீர்? வெட்டும். ஆசீர்வாதம் வெட்டுப்படாது. கத்தரிக்கோல் கொண்டு போனீரோ, நான் தரவோ?"

திரும்பி வந்தார். வெட்டவில்லை! கத்தரிக்கோலை என் கையில் தந்தார். "நீர் தைச்சது. நீரே பிரியும். எனக்கு எங்கை முடிச்சுக் கிடக்கெண்டு தெரியாது" என்றார். நான் பிரித்தேன். ஒன்பது நாள் தைத்ததை ஒரு பின்னேரத்தில் பிரித்தேன். கண்ணீர் சீலையில் விழ விழப் பிரித்தேன். அவர் குனிந்து, ரோச் லைற் அடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டி, ஆறு பொருத்தையும் விரலால் தட்டித் தட்டி ஒன்றரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு, "ரீச்சர், நீரும் வந்து பாரும். நீர்தானே மூடினனீர், உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரிய வேண்டாமோ?" என்றார். வீம்புக்குப் போய்ப் பார்த்தேன். தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு பொருத்தாகப் பார்த்தேன்.

என்ன இருந்தது? வெடிப்பா? உக்கலா? வச்சிரம் பிடிக்காத இடமா? சபையோரே, ஒன்றுமே இருக்கவில்லை! ஆறு பொருத்தும் முத்துப் போல இருந்தன. நான் நிமிர்ந்து நின்று, "பாத்தீங்களோ? ஒண்டுமில்லை! சும்மா ஒரு வேலையைப் பிரிச்சு நாசமாக்கினதுதான் மிச்சம்!" என்றேன்.

"ஓம், ஒண்டுமில்லை. இப்ப பாத்தனான்" என்றார். கையெழுத்து வைத்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. புதுச் சீலை வர இரண்டு மாதம். தைக்க ஒரு மாதம். அதற்குள் மாரி பிடித்துவிட்டது. விமானம் ஓடி எழும்ப வேண்டிய வேலணைத் தரவை வெளி நீராய்க் கிடந்தது. பறப்பதற்கு மாசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழு மாதம்! அந்த ஏழு மாதமும் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன், வாய் திறக்கமாட்டேன். அவர் "நன்றி, ரீச்சர்" என்பார்.

இதைவிடப் பெரிய கோபமும் எனக்கு இருந்தது. இதோ என் கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தைப் பாருங்கள். லியோனின் வேலைப் புத்தகம். இடது பக்கம் இங்கிலீசு, கந்தோருக்கு. வலது பக்கம் தமிழ், கையெழுத்து வைக்கிற நாங்கள் விளங்கி வைக்க வேண்டும் என்பதற்காக. தியாகலிங்கம் அவர்களின் கையெழுத்தில் எழுபத்துமூன்றாம் பக்கத்தை வாசிக்கிறேன், கேளுங்கள்.

"இடது இறக்கை. நான் பார்க்குமுன் மூடப்பட்டது. மூடியவர், மூடச் சொன்னவர்: மேரிஜோசப்பின். காரணம்: அந்தோனியார் திருநாள். ஆனி 22ஆம் திகதி அவராலேயே பிரிக்கப்பட்டது. ஆறு பொருத்தும் பார்த்தேன். குறையில்லை. அவரும் பார்த்தார். குறையில்லை."

என் பெயர்! அரசாங்கக் கந்தோருக்குப் போகிற புத்தகத்தில், பிழை செய்தவள் என்று என் பெயர்! இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்று லியோனிடம் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான்.

அறுபத்தொன்பது தை மாதம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பதிவதா விடுவதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர். முகத்தைப் பார்த்தாலே பதியாமல் விட்டுவிடப் போகிறார் என்று தெரிந்தது. தீவில் ஒரு கொட்டில், பிளேனுக்குக் கார் எஞ்சின், வேலிக்கு வெளியே சத்தம் வைக்கிற ஒரு கிழவன். யார்தான் நம்புவார்? வானூர்தியைச் சுற்றி வந்தார். பிறகு கதிரையில் அமர்ந்து இந்தப் புத்தகத்தைப் புரட்டினார். எழுபத்துமூன்றாம் பக்கத்தில் நின்றார். வாசித்தார். சிரித்தார். திரும்ப வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"மேரிஜோசப்பின் யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். வேறு வழி?

அவர் இங்கிலீசில் சொன்னதை லியோன் எனக்குத் தமிழில் சொன்னான். "ஒரு பிழையும் நடக்காத புத்தகங்களைத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள். அவற்றில் எதை நம்புவது என்று எனக்குத் தெரிவதில்லை. இந்தப் பக்கத்தை இப்படி எழுதிய மனிதர், மற்ற இருநூறு பக்கத்தையும் இப்படித்தான் எழுதியிருப்பார்." பேனாவை எடுத்தார். மூன்று கிழமையில் பதிவுப் பத்திரம் ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோருக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே பறக்கும் அனுமதியும் வந்தது. எங்கள் தீவுகளில் ஒருவன் தன் கையால் கட்டிய வானூர்தி அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது! எதனால் ஏறியது? நான் கிழிக்கச் சொன்ன பக்கத்தால்!

மாசி மாதம், வேலணைத் தரவை காய்ந்து இறுகிக் கிடந்தது. அந்த அனுமதியில் எழுதியிருந்தபடி முதல் நாற்பது மணித்தியாலம் லியோன் தனியேதான் பறக்க வேண்டும், வீடுகளுக்கு மேலால் போகக்கூடாது. காலையிலேயே சனம் திரண்டுவிட்டது. எஞ்சின் பிடித்தது. ஓடியது. எழும்பியது. பெண்கள் 'ஐயோ' என்று வாயில் கை வைத்தார்கள். யாகப்பு ஓடாவி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என் கையில் செபமாலை இருந்தது. சுவாமி, இன்றைக்கு உண்மை சொல்கிறேன், நான் ஒரு மணிகூட உருட்டவில்லை. என் ஒரே தம்பி, அப்பு போன அதே கடலுக்கு மேலால் போகிறான். எனக்கு நடுங்கியிருக்க வேண்டாமா? நடுங்கவில்லை.

ஏன் நடுங்கவில்லை? அந்தத் தரவையில் நின்ற ஆயிரம் பேரும் வெளியிலிருந்து சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே பார்த்திருந்தேன். ஆறு பொருத்தையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். அவனைத் தூக்கி வைத்திருப்பது எதுவென்று எனக்குத் தெரியும். அவர் அன்றைக்குச் சும்மா கையெழுத்து வைத்திருந்தால், அவன் பறக்கிற ஒவ்வொரு நாளும் நான் செத்துச் செத்துப் பிழைத்திருப்பேன்.

இதை நான் அவரிடம் சொன்னேனா? இல்லை. வீம்பு! நாற்பது மணித்தியாலமும் முடிந்து, முதல் ஆளை ஏற்றலாம் என்று வந்தபோது லியோன் என்னைக் கூப்பிட்டான். "என்னை வேண்டாம், ஐயாவைக் கேள்" என்றேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது. ஏறுகிறவர் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கைத் தகடு பொருத்த வேண்டும் என்பதும் அனுமதியின் நிபந்தனை. இங்கிலீசில் இருந்தால் போதும். தமிழிலும் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். அறுபத்துநான்கு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே எழுதிய தகட்டைக் கண்ணாடி போட்டுச் சத்தமாக வாசித்தார். "இது சொந்தக் கையால் கட்டப்பட்ட வானூர்தி. பெரிய விமானங்களுக்குள்ள எல்லா விதிகளுக்கும் இது அமைந்ததன்று. அறிந்து ஏறுக." வாசித்துவிட்டு, "அறிஞ்சுதான் ஏறுறன்" என்று சொல்லி ஏறினார். நெடுந்தீவு வரை போய் வந்தார்கள். இறங்கி நேரே என்னிடம் வந்து, "நல்லாத் தைச்சிருக்கிறீர், ரீச்சர்" என்றார். நான் "ஓம்" என்றேன். நன்றி என்று சொல்ல நா எழவில்லை.

தியாகலிங்கண்ணை! பதினொரு வருடம் பிந்தி, நீங்கள் இல்லாத சபையில் நின்று சொல்கிறேன். என் தம்பி உயிரோடு அந்தக் கதவடியில் நிற்கிறான். நான் அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னியுங்கள். இராசமணி அக்கா, அவருக்குப் பதிலாக நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்படி தலைவர் சொல்வார். நிற்போம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை சொல்ல வேண்டும். லியோனும் புங்குடுதீவு நண்பர்கள் இருவரும் கட்டும் இரண்டாவது வானூர்தி அதே கொட்டிலில் நிற்கிறது. அதன் வேலைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தியாகலிங்கம் அவர்களின் கையெழுத்து இருக்கிறது. மிச்சப் பக்கங்களுக்கு அவர் இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு பரிசோதகரைக் கந்தோர் நியமித்திருக்கிறது. அவர் ஆடி மாதம்தான் வருவாராம். இன்னும் இருபத்துநான்கு நாளில் அந்தோனியார் திருநாள். நேற்றே இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, "ரீச்சர், திருநாளுக்கு முன்னம் தைச்சு முடிப்பமே?" என்று கேட்டார்கள்.

இந்தச் சபையின் முன், இந்தப் புத்தகத்தில் கை வைத்துச் சொல்கிறேன். பார்க்க வேண்டியவர் பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை நான் ஊசியில் நூல் கோக்கமாட்டேன். என்னிடம் படித்த ஒருத்தியும் கோக்கமாட்டாள்.

சுவாமி, இந்த முறை நீங்கள் விலா தெரியத்தான் மந்திரிக்க வேண்டும்.